தந்தை பெயரில் உள்ள வீட்டை விற்கும் முன் சரிசெய்ய வேண்டிய ஆவணங்கள்

கேள்வி: ஐயா, என் தந்தை 1984-ஆம் ஆண்டு தம் சம்பளச் சேமிப்பிலிருந்து 2,400 சதுர அடி மனையைக் கிரயம் வாங்கி, கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் ஒன்றில் கடன் பெற்று அதில் வீடு கட்டினார். கடனை அவரே முழுவதும் அடைத்துவிட்டார். 2016-இல் உயில் எதுவும் எழுதாமல் காலமானார். நாங்கள் இந்துக்கள். 78 வயதான என் தாயார், 1986-இல் திருமணமான என் அக்கா, நான், என் தம்பி ஆகியோரே அவருடைய வாரிசுகள். தம்பியும் 2019-இல் இறந்துவிட்டான். அவனுக்கு மனைவியும் 14 வயது மகளும் இருக்கிறார்கள். இப்போது வீட்டை விற்க எல்லோரும் சம்மதிக்கிறோம். அக்காவுக்குத் திருமணத்தின்போதே சீர்வரிசை செய்துவிட்டதால் அவருக்குப் பாகம் இல்லை என்கிறார்கள். மகளுக்காகத் தம்பி மனைவியே கையெழுத்திடுவார். தாயாரால் நடமாட முடியாததால், அவருக்குப் பதிலாக நானே கையெழுத்திட, அவரிடம் பொது அதிகாரப் பத்திரம் எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். அடுத்த வாரம் 5 லட்சம் ரூபாயை ரொக்கமாக முன்பணம் தருவதாக ஒருவர் சொல்கிறார். எந்தெந்த ஆவணங்களை எந்த வரிசையில் தயார் செய்ய வேண்டும்?

பதில்: அந்த முன்பணத்தை அடுத்த வாரம் வாங்காதீர்கள். மற்ற எதையும் விட இதை முதலில் சொல்வதற்குக் காரணம், இன்றைய நிலையில் இந்த வீட்டை முழுமையாக விற்றுக்கொடுக்கும் அதிகாரம் உங்கள் குடும்பத்தில் உள்ள பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்தாலும் உங்களுக்கு இல்லை. காரணம், அந்தப் பதினான்கு வயதுப் பெண்ணின் பாகம்.

யாருக்கு எவ்வளவு பாகம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொண்டால்தான் மற்ற ஆவணங்களை யார் பெயரில் கேட்பது என்பதே புரியும். உங்கள் தந்தையின் சுயசம்பாத்தியச் சொத்து இது. உயில் இல்லாத நிலையில், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் 8-ஆவது பிரிவின்படி மனைவி, மகன்கள், மகள் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகளாகச் சமபாகம் பெறுகிறார்கள். இறந்தவரின் தாயாரும் முதல் வகுப்பு வாரிசே என்பதால், உங்கள் பாட்டி 2016-இல் உயிருடன் இருந்திருந்தால் கணக்கு மாறும்; அவர் முன்பே காலமாகிவிட்டார் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஆக, தந்தை இறந்த அன்றே தாயார், அக்கா, நீங்கள், தம்பி ஆகிய நால்வருக்கும் தலைக்கு நான்கில் ஒரு பாகம் சேர்ந்துவிட்டது.

தம்பி இறந்தது தந்தைக்குப் பின் என்பது இங்கே முக்கியம். தந்தைக்கு முன்பே அவர் இறந்திருந்தால், அவருக்குரிய ஒரு பாகத்தை அவருடைய மனைவியும் மகளும் மட்டும் பிரித்துக்கொண்டிருப்பார்கள். பின்னால் இறந்ததால், 2016-இல் அவருக்குச் சொந்தமாகிவிட்ட நான்கில் ஒரு பாகம் அவருடைய மனைவி, மகள், தாயார் ஆகிய மூவருக்கும் சமமாகப் பிரிகிறது. வீட்டைப் பன்னிரண்டு பாகமாக வைத்துப் பார்த்தால், தாயாருக்கு நான்கு, உங்களுக்கு மூன்று, அக்காவுக்கு மூன்று, தம்பி மனைவிக்கு ஒன்று, அவருடைய மகளுக்கு ஒன்று. இதற்கு ஆதாரமாக இரண்டு இறப்புச் சான்றிதழ்களும் இரண்டு வாரிசுச் சான்றிதழ்களும் வேண்டும். தந்தைக்கு ஒன்று வாங்கியிருப்பீர்கள்; தம்பிக்கும் தனியாக வட்டாட்சியரிடம், இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்துப் பெறுங்கள். அந்தச் சான்றிதழில் மனைவி, மகளோடு தாயாரின் பெயரும் இருக்கிறதா என்று கையில் வாங்கும்போதே பாருங்கள். அது விடுபட்டால், வாங்குபவருக்கு வங்கிக் கடன் தரும்போது வங்கியின் வழக்கறிஞர் அந்த இடத்தில்தான் கோப்பை நிறுத்துவார்.

அக்காவைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது நான் மிக அதிகமாகக் கேட்கும், கேட்கும்போதெல்லாம் வருத்தம் தரும் தவறான எண்ணம். சீர்வரிசை செய்ததால் மகளின் வாரிசுரிமை போய்விடாது. 1989 மார்ச் 25-க்கு முன் திருமணமான பெண்களுக்குப் பங்கு இல்லை என்று யாராவது சொல்லியிருக்கலாம். அது தமிழ்நாட்டின் சட்டத் திருத்தத்தில் பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தைப் பற்றிச் சொல்லப்பட்டது. தந்தையின் சுயசம்பாத்தியச் சொத்துக்கும் அந்தத் தேதிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அக்கா தம் பாகத்தை விரும்பி விட்டுக்கொடுக்கிறார் என்றால், அது வெள்ளைத்தாளில் எழுதிய கடிதமாகவோ நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழியாகவோ இருந்தால் போதாது. பதிவு செய்யப்பட்ட விடுதலைப் பத்திரமாக இருக்க வேண்டும். குடும்பத்தினருக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய் என்று 2023 ஜூலையில் மாற்றப்பட்டது. ஆனால் வீட்டை எப்படியும் விற்கப் போகிற நிலையில் இந்தச் செலவே வேண்டாம் என்பது என் கருத்து. அக்காவும் கிரயப் பத்திரத்தில் விற்பவர்களில் ஒருவராகக் கையெழுத்திட்டு, அவருக்குரிய தொகையை அவருடைய வங்கிக் கணக்கிலேயே பெற்றுக்கொள்ளட்டும். பிறகு அதை யாருக்குக் கொடுப்பது என்பது அவருடைய விருப்பம். அவருடைய உரிமையும் காக்கப்படும், வாங்குபவருக்கும் ஐயம் இருக்காது.

இனி அந்தச் சிறுமியின் பாகம். தந்தை இல்லாத நிலையில் தாயே இயற்கைக் காப்பாளர் என்பது உண்மைதான். ஆனால் 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் 8-ஆவது பிரிவின்படி, மைனரின் அசையாச் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ இயற்கைக் காப்பாளர் முன்கூட்டியே நீதிமன்ற அனுமதி பெற்றாக வேண்டும். அனுமதி இல்லாமல் தாய் கையெழுத்திட்டால், பத்திரம் பதிவாகிவிடவும் கூடும். பல இடங்களில் அப்படிப் பதிவாகியிருப்பதைப் பார்த்துத்தான் மக்கள் அது சரி என்று நினைக்கிறார்கள். ஆனால் அந்தப் பெண் பதினெட்டு வயது நிறைந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுத்துத் தன் பாகத்தைப் பொறுத்தவரை அந்தக் கிரயத்தை ரத்து செய்யக் கோர முடியும். பன்னிரண்டில் ஒரு பாகம்தானே என்று வாங்குபவர் அதை ஒதுக்கிவிட முடியாது. பிரிக்கப்படாத வீட்டில் அந்த ஒரு பாகம் எல்லா அறைகளிலும் இருக்கிறது. மகளின் பாகத்தைத் தாயே உங்களுக்கு விடுதலை எழுதித் தருவதும் இதே தடைக்கு உட்பட்டதுதான்.

சொத்து அமைந்துள்ள மாவட்டத்தின் நீதிமன்றத்தில், தம்பி மனைவி மனுதாரராக இருந்து அனுமதி கேட்க வேண்டும். அவசியத் தேவை இருக்கிறது, அல்லது இந்த விற்பனை மைனருக்குத் தெளிவான நன்மை தருகிறது என்று காட்டினால்தான் நீதிமன்றம் அனுமதிக்கும். எனவே மகளின் பிறப்புச் சான்றிதழ், இரண்டு வாரிசுச் சான்றிதழ்கள், கிரயப் பத்திரம், சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழ், அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு விவரம், மதிப்பீட்டாளர் தரும் சந்தை மதிப்பு அறிக்கை ஆகியவற்றோடு, வீடு பழுதடைந்திருப்பதையோ வாடகை வராமல் இருப்பதையோ படிப்புச் செலவையோ உண்மையாக எடுத்துச் சொல்லுங்கள். மைனரின் பங்குத் தொகையைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் அவள் பெயரில் வைப்புத்தொகையாக வைக்குமாறு நிபந்தனை விதிப்பது வழக்கம். அதை ஒரு தொல்லையாகக் கருதாதீர்கள்; தந்தையை இழந்த குழந்தைக்கு இந்த வீட்டிலிருந்து மிஞ்சப்போவது அந்தத் தொகை ஒன்றுதான். உத்தரவு கிடைக்கச் சில மாதங்கள் ஆகலாம் என்பதால், மனுவை இப்போதே தாக்கல் செய்துவிட்டு, அந்தக் காலத்தில் மற்ற ஆவணங்களைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

நீங்கள் அனுப்பிய நகல்களில் இரண்டு குறைகள் கண்ணில் பட்டன. முதலாவது, வில்லங்கச் சான்றிதழில் கூட்டுறவுச் சங்கத்துக்கு உங்கள் தந்தை எழுதிக்கொடுத்த அடமானப் பத்திரம் பதிவாகியிருக்கிறது. அதை அடைத்ததற்கான பதிவு எங்கும் இல்லை. கடன் தீர்ந்து அசல் பத்திரம் வீட்டுக்கு வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று அந்தக் காலத்தில் பலரும் விட்டுவிட்டார்கள். ஆனால் வில்லங்கச் சான்றிதழைப் பொறுத்தவரை அந்த அடமானம் இன்றும் உயிரோடு இருக்கிறது. உங்கள் தந்தையின் கடன் கணக்கு எண்ணைக் கொண்டு சங்கத்தில் நிலுவையில்லாச் சான்று கேளுங்கள். அதைத் தொடர்ந்து, சங்கத்தின் அதிகாரம் பெற்ற அலுவலர், கடன் தீர்ந்ததை ஒப்புக்கொள்ளும் ரசீதுப் பத்திரம் எழுதிக் கொடுத்து, அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் அது பதிவாக வேண்டும். பழைய பதிவேட்டைத் தேட அவர்களுக்கு நேரம் பிடிக்கும் என்பதால் எழுத்துமூலம் கேட்டு, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். பதிவான பின், 1984-க்குச் சில ஆண்டுகள் முன்னிருந்து இன்றுவரை புதிதாக ஒரு வில்லங்கச் சான்றிதழ் எடுத்து, அடமானத்தின் கீழ் அந்த ரசீது வந்திருப்பதை உறுதிசெய்யுங்கள்.

இரண்டாவது, அளவு. கிரயப் பத்திரத்தில் 2,400 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 223 சதுர மீட்டர். பட்டாவில் 214 சதுர மீட்டர்தான் இருக்கிறது. ஒன்பது சதுர மீட்டர் எங்கே போனது? பத்திரத்தின் நான்கு எல்லையில் கிழக்கே காலிமனை என்று எழுதியிருக்கிறது. இப்போது அங்கே தெரு இருப்பதாக நீங்கள் சொல்கிறீர்கள். தெருவுக்காக ஒரு பட்டை நிலம் போயிருக்கலாம், அல்லது நில அளவையில் பிழை நேர்ந்திருக்கலாம். நில அளவரை வைத்து அளந்து பார்க்கக் கட்டணம் செலுத்தி விண்ணப்பியுங்கள். பட்டாவில் பிழை என்றால் திருத்தம் கேளுங்கள். நிலமே குறைந்திருந்தால், உண்மையில் உள்ள அளவையே விற்பனைப் பத்திரத்தில் எழுதுங்கள். இல்லாத ஒன்பது சதுர மீட்டருக்குப் பணம் வாங்கிவிட்டு, பின்னால் வாங்கியவரிடம் பதில் சொல்லும் நிலை வரக்கூடாது. இதோடு பட்டாவைத் தந்தை பெயரிலிருந்து வாரிசுகள் ஐவர் பெயருக்கும் கூட்டுப் பட்டாவாக மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். பட்டா மட்டுமே உரிமையை நிலைநாட்டாது என்றாலும், அது இன்னும் இறந்தவர் பெயரிலேயே இருப்பதைப் பார்த்தால் வாங்குபவர் தயங்குவது இயல்பு.

மற்றவை எளியவை. 1984 கிரயத்துக்கு முந்தைய தாய்ப் பத்திரத்தின் நகல் உங்களிடம் இல்லை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு, கட்டட அனுமதி வரைபடம் ஆகியவற்றைத் தேடி எடுத்து வையுங்கள். மனைப்பிரிவு அங்கீகாரம் பெறாததாக இருந்தாலும், 2016 அக்டோபர் 20-க்கு முன்பே வீட்டுமனையாகப் பதிவானது என்பதால் மறுவிற்பனைப் பதிவுக்கு அது தடையாகாது. ஐவருடைய ஆதார் அட்டையிலும் பத்திரத்திலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பாருங்கள். வருமான வரிக்கான பான் எண் எல்லோருக்கும் வேண்டும். விலையோ வழிகாட்டி மதிப்போ 50 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் இருந்தால், வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்தம் செய்வார். அது அவரவர் பான் எண்ணில் வரவாக வேண்டும்.

முன்பணத்துக்கு மறுபடியும் வருகிறேன். அசையாச் சொத்து விற்பனைக்காக 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. மீறினால் பெற்ற தொகைக்குச் சமமான அபராதம் உண்டு. அந்த ஐந்து லட்சத்தை வாங்கினால் இன்னொரு ஐந்து லட்சத்தை இழக்க நேரலாம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தமும் கட்டாயமாகப் பதிவு செய்யப்பட வேண்டிய ஆவணம். வாங்குபவர் காத்திருக்க விரும்பினால், மைனருக்கான நீதிமன்ற அனுமதி வந்த பின் இத்தனை நாளுக்குள் கிரயம் என்று தெளிவாக எழுதி, ஒப்பந்தத்தைப் பதிவு செய்து, முன்பணத்தை வங்கி வழியாகவே பெறுங்கள். அனுமதி மறுக்கப்பட்டால் முன்பணம் அப்படியே திருப்பித் தரப்படும் என்ற வாசகமும் அதில் இருக்கட்டும்.

தாயாரிடம் பொது அதிகாரப் பத்திரம் வாங்கும் யோசனையைக் கைவிடுங்கள். எழுதிக்கொடுத்தவர் மறைந்தால் அந்த அதிகாரமும் அன்றோடு முடிந்துவிடும். அதைக் கொண்டு பத்திரம் எழுதும்போது அவர் உயிருடன் இருப்பதற்கான சான்றும் கேட்கப்படும். வீட்டில் மிகப் பெரிய பாகம் அவருடையது. விலை என்ன, எந்தக் கணக்கில் வருகிறது என்பதெல்லாம் அவருக்கு நேரடியாகத் தெரிய வேண்டும். உடல்நலக் குறைவால் அலுவலகத்துக்கு வர இயலாதவரின் இருப்பிடத்துக்கே வந்து பதிவு செய்ய 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் வழிசெய்கிறது. மருத்துவரின் சான்றோடு சார்பதிவாளருக்கு முன்கூட்டியே மனு கொடுத்து, அதற்கான கட்டணத்தைச் செலுத்துங்கள். கிரய நாளன்று அவர் வீட்டுக்கு வந்து, உங்கள் தாயார் தம் கட்டிலில் அமர்ந்தபடியே கைரேகை வைக்க ஏற்பாடு செய்வார்.