தொகுதிக் கோடும் கணக்கு வாத்தியாரும்

கணிதப் பேராசிரியர்கள் பொதுமேடையில் சமூகப் பிரச்சினை பேசுகிறார்களே, அதில் கணக்கு எங்கே வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவில் மூன் டச்சின் என்ற கணிதவியலாளர் ஊர் ஊராகப் பேசிவரும் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம்: தேர்தல் தொகுதி வரைவது.

சின்னக் கணக்கு ஒன்று. மொத்தம் 25 ஓட்டு, 5 தொகுதி, தொகுதிக்கு 5 பேர். மஞ்சள் கட்சிக்கு 15 பேர், பச்சைக்கு 10 பேர்தான். பச்சைக்காரர்களை மூன்று தொகுதிகளில் மும்மூன்று பேராக வருகிற மாதிரி கோடு போட்டால் 9 ஓட்டிலேயே 3 தொகுதி அவர்கள் கையில், மிச்சம் இருக்கிற ஒருவர் எங்கே விழுந்தாலும் கவலையில்லை. ஒரு தாளில் புள்ளி வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள், கொஞ்சம் கோபம்கூட வரும்.

பென்சில்வேனியா மாநிலத்தில் 2012இல் அமெரிக்க நாடாளுமன்றக் கீழவைத் தேர்தலில் ஏறக்குறைய இதுதான் நடந்தது. ஜனநாயகக் கட்சிக்குப் பாதிக்குச் சற்று மேல் ஓட்டு, ஆனால் 18 இடத்தில் 5தான்.

சரி, கோடு போட்டவர்கள் வேண்டுமென்றே செய்தார்கள் என்று எப்படிச் சொல்வது? தொகுதி கோணல்மாணலாக இருப்பது மட்டும் ஆதாரமாகாது, ஆறும் மலையும்கூட அப்படி வளைக்கும். அதனால் கட்சியைப் பார்க்காமல், சட்ட விதிகளை மட்டும் வைத்துக் கணினியில் ஆயிரக்கணக்கான வரைபடங்களைத் தற்செயலாக உருவாக்கி, நிஜ வரைபடம் அந்தக் கூட்டத்தோடு சேர்கிறதா, தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறதா என்று பார்க்கிறார்கள். பென்சில்வேனியா வரைபடத்தை எதிர்த்துப் போட்ட வழக்கிலும் இந்த மாதிரிச் சாட்சியம் வந்தது. 2018இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் பழைய வரைபடத்தை ரத்து செய்தது, புது வரைபடத்தோடு நடந்த அதே வருடத் தேர்தலில் இரண்டு கட்சிக்கும் 9-9 என்று ஆனது.