பழைய ஹோட்டலுக்குப் புது உயிர்: அனுமதி பற்றிய கேள்வி பதில்

பாரம்பரியக் கட்டடங்களைப் பழுதுபார்த்துப் புழக்கத்துக்குக் கொண்டுவருவதுதான் என் தொழில். பழைய ஹோட்டல்களைப் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். சட்டம் ஊருக்கு ஊர் மாறும். ஆனால் வேலை எங்கே சிக்குகிறது என்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான்.

எண்பது வருஷப் பழைய ஹோட்டல் ஒன்று விலைக்கு வருகிறது. சில வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. முதலில் எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் சார்?

பூட்டிக் கிடக்கிறது என்றீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. எந்தத் தெருவில் என்ன தொழில் நடக்கலாம் என்று வகுப்பது மண்டல விதி. அந்த ஹோட்டல் எழும்பிய காலத்தில் அப்படி ஒன்று இல்லாமல் இருந்திருக்கலாம். பின்னால் அந்தத் தெருவைக் குடியிருப்புப் பகுதி என்று வகைப்படுத்தியிருக்கலாம். அப்படிச் செய்யும்போது, ஏற்கெனவே நடக்கும் தொழிலை நடக்கட்டும் என்று விட்டுவைப்பது வழக்கம். தொழில் நின்று குறிப்பிட்ட காலம் கடந்துவிட்டால் அந்தச் சலுகை காலாவதியாகிவிடும் என்பது பல நகரங்களின் விதி. கிரயம் முடிந்தபிறகு இது தெரியவந்தால் கையில் இருப்பது ஹோட்டல் அல்ல, ஹோட்டல் நடத்த முடியாத ஒரு கட்டடம்.

அதனால் முன்பணம் கொடுக்கும் முன் திட்ட அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டு, எழுத்துமூலம் பதில் வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பவே வேண்டாம். அனுமதி கிடைத்தால்தான் கிரயம் என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தும் இருக்கட்டும்.

மண்டல அனுமதி, பாரம்பரியக் குழுவின் அனுமதி இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. அந்த இடத்தில் என்ன தொழில், எத்தனை உயரம், எத்தனை கார் நிறுத்தம் என்று பார்ப்பது மண்டல விதி. கட்டடத்தில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று பார்ப்பது பாரம்பரியக் குழு. முதலாமவர் கேட்ட கார் நிறுத்தத்துக்காக முகமண்டபத்தை உடைத்து வழிவிட்டு வரைபடம் போடுவீர்கள். இரண்டாமவர் அந்த முகமண்டபத்தைத்தான் காப்பாற்றச் சொல்வார். வரைபடம் முற்றுவதற்குள் இரண்டு தரப்பையும் ஒரே மேஜையில் உட்கார வைத்துப் பேசுங்கள்.

முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே முழுக்க இடித்துக் கட்டலாமா?

கட்டடத்தைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது எழுதிய ஆவணத்தை எடுத்துப் படியுங்கள். எது எது பாதுகாக்கப்பட்டது என்று அதில் இருக்கும்.

நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா 1931ல் திறந்தது. அதன் வெளிப்புறத்துக்கு 1993ல் பாதுகாப்பு வந்தது. 2017ல் புதுப்பிப்பதற்காக மூடினார்கள். அதே ஆண்டு உள்ளே இருக்கும் வரவேற்புக் கூடங்கள், நடன அரங்கு ஆகியவற்றையும் நகரம் பாதுகாப்பில் சேர்த்தது. மாடி அறைகள் அதில் இல்லை. ஆகவே சுமார் 1,400 அறைகள் இருந்த இடத்தில் 375 பெரிய ஹோட்டல் அறைகளும் சொந்த வீடுகளும் அமைக்க முடிந்தது. 2025ல் மறுபடி திறந்தபோது கீழே உள்ள கூடங்கள் பழைய அழகோடு இருந்தன. ஊர் ஜனங்கள் கூடிய இடங்கள் நிற்க வேண்டும், தங்கும் அறைகள் காலத்துக்கேற்ப மாறலாம். இந்தப் பிரிவினை எனக்கு நியாயமாகப் படுகிறது. வெறும் முகப்பை நிறுத்திவைப்பதை மட்டும் என்னால் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது.

மேலே இரண்டு தளம் ஏற்றினால்தான் முதலீடு கட்டுப்படியாகும். விடுவார்களா?

தெருவிலிருந்து எவ்வளவு தெரிகிறது என்பதைப் பொறுத்தது. ஒரு வேலையில் கணினிப் படங்களைக் காட்டிக் காட்டி எங்களுக்கு அலுத்துவிட்டது, குழுவுக்கு நம்பிக்கை வரவில்லை. கடைசியில் மொட்டைமாடியில் இரும்புக் குழாய்களை நட்டு, வரப்போகும் தளத்தின் உயரத்துக்கு ஆரஞ்சு வலையைக் கட்டினோம். உறுப்பினர்களை எதிர்ப்பக்க நடைபாதையில் நடக்க வைத்தோம். நேர் எதிரே நின்றால் ஒன்றும் தெரியவில்லை. தெருமுனைக்குப் போனதும் கைப்பிடிச் சுவருக்கு மேல் ஒரு சாண் அகலத்துக்கு ஆரஞ்சுக் கோடு தெரிந்தது. அங்கேயே நின்று புதுத் தளத்தை இன்னும் இரண்டு மீட்டர் பின்னுக்குத் தள்ள ஒத்துக்கொண்டோம். அடுத்த கூட்டத்தில் அனுமதி வந்தது.

ஏற்றவே முடியாது என்றாலும் வழி அடைபடவில்லை. பயன்படுத்தாத கட்டுமான உரிமையை, அதாவது சட்டம் அனுமதித்தும் கட்டாமல் விட்ட தள அளவை, வேறு மனைக்கு மாற்றிக்கொள்ள சில நகரங்கள் அனுமதிக்கின்றன. நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் மேல் கோபுரம் எழுப்பத் தடை விதித்தது செல்லும் என்று 1978ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, உரிமையை இப்படி வேறு மனைக்கு மாற்றும் வழி இருந்ததையும் கணக்கில் எடுத்துக்கொண்டது.

பழைய படிக்கட்டுக் கைப்பிடி உயரம் போதாது, மாற்று என்கிறது தீயணைப்புத் துறை. குழு தொடாதே என்கிறது. நடுவில் நாங்கள்!

வார்ப்பிரும்புக் கைப்பிடியை அப்படியே விட்டுவிட்டு, அதன் உட்பக்கமாக மெல்லிய எஃகுக் கம்பியைத் தேவையான உயரத்துக்குத் தனியாக நிறுத்துங்கள். பழசில் ஒரு துளைகூடப் போடாமல், நாளை கழற்றினால் தடமே இல்லாமல் இருக்க வேண்டும். அப்படிச் செய்தால் இரு தரப்பும் பெரும்பாலும் இறங்கிவருவார்கள்.

தெரியாமல் மர ஜன்னல்களைக் கழற்றி அலுமினியம் போட ஆரம்பித்துவிட்டோம்.

இன்றே நிறுத்துங்கள். கழற்றியதை எந்தக் காரணம் கொண்டும் விற்காதீர்கள். ஒவ்வொன்றிலும் எந்த அறை, எந்தச் சுவர் என்று எழுதி அடுக்கிவைத்து, பாரம்பரியக் குழுவிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.

வரிச்சலுகை உண்டா?

நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவில் வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் உள்ள வருமானம் தரும் கட்டடத்துக்கு, தகுதியான புதுப்பிப்புச் செலவில் 20 சதவீதத்தைக் கட்ட வேண்டிய வரியிலேயே கழித்துக்கொள்ளலாம். ஐந்து வருஷத்துக்குள் விற்றால் அதை முழுதாகவோ ஒரு பகுதியையோ திருப்பிக் கட்ட வேண்டும். வேலை தொடங்குமுன் விண்ணப்பியுங்கள். இடித்த சுவரைப் பிறகு காட்ட முடியாது.

அக்கம்பக்கத்தார் பொது விசாரணையில் எதிர்ப்பார்கள் என்று பயமாக இருக்கிறது.

விசாரணைக்கு முன்பே அவர்களை உள்ளே அழைத்துப் போங்கள். அந்தக் கூடத்தில் கல்யாணம் செய்துகொண்டவர் ஒருவராவது அவர்களில் இருப்பார். அவர்கள் கேட்பது பெரும்பாலும் சரக்கு லாரி எத்தனை மணிக்கு வரும், மொட்டைமாடிப் பாட்டு எத்தனை மணிக்கு நிற்கும் என்பதுதான். நேரத்தைக் குறித்து, அனுமதியின் நிபந்தனையாகவே சேர்க்கச் சொல்லி நீங்களே மனுக் கொடுங்கள்.