உடைஞ்ச ஊசி எங்க போச்சு?

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, அப்பா நடத்துன பனியன் யூனிட்டை போன தை மாசத்துல இருந்து நான் பாத்துக்கறேன். 60 மெஷின் ஓடுது. அப்பா சத்தம் போட்டுத்தான் வேலை வாங்குவாரு, எனக்கு அது வரல. நியாயமா நடத்தணும்னு ஆசை. ஆனா கட்டிங் மாஸ்டர்ல இருந்து கான்ட்ராக்டர் வரைக்கும் "தம்பி, இளகுனா தலைமேல ஏறிக்குவாங்க"ன்னு சொல்றாங்க. நியாயம் பாத்தா தொழில் ஓடுமா?
(ஒரு வாசகர், திருப்பூர்)

பதில்: ஓடும் தம்பி. ஆனா நியாயமா நடத்தறதுன்னா மெதுவா பேசறதுன்னு மட்டும் நினைச்சுக்காதீங்க. மெதுவா பேசிக்கிட்டே ஆளை நசுக்கறவங்களையும் பாத்திருக்கேன். உங்க ஃப்ளோர்ல நடக்கற தப்பு அன்னிக்கே உங்க காதுக்கு வருதா, அதைப் பாருங்க முதல்ல.

நான் பல வருஷத்துக்கு முன்னாடி ஒரு யூனிட்ல செக்கிங் இன்சார்ஜா இருந்தேன், குழந்தைங்க துணி எக்ஸ்போர்ட். பையர், அதாவது துணியை வாங்கற கம்பெனி, போட்ட ரூல் என்னன்னா, மெஷின்ல ஊசி உடைஞ்சா எல்லாத் துண்டையும் தேடி எடுத்து, ரெஜிஸ்டர்ல டேப் போட்டு ஒட்டி, தேதி போட்டு கையெழுத்து வாங்கினாத்தான் புது ஊசி தரணும். ஒரு துண்டு குறைஞ்சாலும் அந்த டேபிள்ல இருக்கற பீஸ் அத்தனையும் ஒதுக்கி வெச்சு மெட்டல் டிடெக்டர்ல விட்டுப் பாக்கணும். எங்க ரெஜிஸ்டர்ல ரெண்டு மாசமா ஒரு ஊசி கூட உடையல. முதலாளிக்கு ரொம்ப சந்தோஷம், நானும் அந்த காலிப் பக்கத்தைப் பெருமையாத்தான் காட்டிக்கிட்டு இருந்தேன்.

ஒரு நாள் டீ டைம்ல ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டற ஒரு அக்கா சுருக்குப்பையில காசு எடுக்கறப்ப கூடவே அஞ்சாறு ஊசி கீழ விழுந்துச்சு. என்னக்கா இதுன்னு கேட்டேன். ஊசி உடைஞ்சா சூப்பர்வைசர் நாலு பேர் முன்னாடி திட்டறாரு, துண்டு தேடற நேரத்துல இருபது முப்பது பீஸ் போயிருது, பீஸ் ரேட்ல கூலி வாங்கறவ எங்க போறது, அதான் நாங்களே காசு போட்டு வாங்கி வெச்சுக்கறோம்னு சொல்லுச்சு. சரி, உடைஞ்ச துண்டு எங்கன்னு கேட்டேன். அந்தக்கா தரையையே பாத்துக்கிட்டு நின்னுச்சு.

டேப் ஒட்டின பெட்டியெல்லாம் ராத்திரியோட ராத்திரியா பிரிச்சோம். ஒரு சின்ன பனியன்ல கழுத்துப் பட்டி மடிப்புக்குள்ள, அரிசி நீளத்துக்கு ஒரு ஊசி முனை. ஆறு மாசக் குழந்தை போடற சைஸ். இன்னிக்கும் எனக்கு அது கண்ணுல நிக்குது.

அப்புறம் ரெண்டே மாத்தம்தான் பண்ணினோம். துண்டு தேடற நேரத்துக்கு அவங்க சராசரிக் கூலி கிடைக்கும், ஊசி உடைஞ்சதுக்காக யாரும் யாரையும் திட்டக்கூடாது. அடுத்த மாசம் ரெஜிஸ்டர் நிறைஞ்சு போச்சு, முதலாளி பதறிட்டாரு, என்னய்யா இவ்ளோ உடையுதுன்னு. முன்னாடியும் இவ்ளோதாங்க உடைஞ்சிருக்கும், இப்பத்தான் நமக்குத் தெரியுதுன்னு சொன்னேன். நான் அந்த வேலையில நிம்மதியா தூங்கினது அந்த மாசத்துல இருந்துதான்.

இதையே பெரிய அளவுல செஞ்சு காட்டினவர் ஒருத்தர் இருக்காரு, அமெரிக்காவுல ஆல்கோவாங்கற அலுமினியம் கம்பெனிக்கு 1987ல தலைவரா வந்த பால் ஓ'நீல். முதலீட்டாளர்களோட முதல் கூட்டத்துல லாபம், விற்பனை பத்தி சொல்லுவாருன்னு எல்லாரும் உக்காந்திருக்க, அவர் தொழிலாளிக்கு அடிபடாம இருக்கறதுதான் என் முதல் வேலைன்னு ஆரம்பிச்சாரு. இந்த ஆள் கம்பெனியை மூழ்கடிச்சிருவாருன்னு பயந்து ஷேரை விக்கச் சொன்னவங்க கூட உண்டு. அவர் போட்ட உத்தரவு, எங்க யாருக்கு அடிபட்டாலும் 24 மணி நேரத்துக்குள்ள அந்தப் பிரிவுத் தலைவர் தனக்குச் சொல்லணும், மறுபடி நடக்காம இருக்க என்ன செய்யப்போறோம்னும் சேத்துச் சொல்லணும். இப்ப யோசிங்க தம்பி, பிரிவுத் தலைவர் 24 மணி நேரத்துல சொல்லணும்னா அவருக்கு மேனேஜர் அதுக்கு முன்னாடி சொல்லணும், மேனேஜருக்கு ஃபோர்மேன் உடனே சொல்லணும், ஃபோர்மேனுக்கு மெஷின்ல நிக்கறவன் பயமில்லாம வாயத் திறக்கணும். அப்படித் திறந்த வாய் அடிபட்டதை மட்டுமா சொல்லும், மெஷின் எங்க தடங்குது, சரக்கு எங்க வீணாகுதுன்னும் சேத்துத்தான் சொல்லுச்சு. வேலைக்கு வர முடியாத அளவுக்கு அடிபடறது 100 பேருக்கு 1.86ன்னு இருந்தது அவர் காலத்துல 0.2க்கு இறங்குச்சு, 2000ல அவர் போறப்ப வருஷ லாபம் வந்தப்ப இருந்ததைப் போல அஞ்சு மடங்கு. உங்க கட்டிங் மாஸ்டர்கிட்ட இதைச் சொல்லுங்க.

கேள்வி: சார், எங்க ஹெட் "எதுன்னாலும் என்கிட்ட நேரா வந்து சொல்லுங்க"ம்பாரு. போய்ச் சொன்ன ரெண்டு பேருக்கு அப்ரைசல்ல அடி விழுந்துச்சு. இப்ப யாரும் போறதில்ல. அவருக்கு இது புரியவே புரியாதா?
(ஒரு வாசகி, சென்னை)

பதில்: சகோதரி, கதவு திறந்திருக்கறது பெரிசில்ல, உள்ள போனவங்க எப்படித் திரும்பி வந்தாங்கன்னுதான் ஆபீஸ் முழுக்க கவனிக்கும். அதே ஓ'நீலோட இன்னொரு சம்பவம் சொல்றேன். 1996ல பங்குதாரர் கூட்டத்துல ஒரு கன்னியாஸ்திரி எந்திரிச்சு, மெக்ஸிகோவுல உங்க ஃபேக்டரியில தொழிலாளிங்க நிலைமை மோசமா இருக்கு, விஷப்புகையில ஆளுங்களுக்கு உடம்பு கெட்டுப் போகுதுன்னு சொன்னாங்க. அவர் முதல்ல ஒத்துக்கல, அப்படி இருக்காதுன்னுதான் பதில் பேசினாரு. ஆனா அதோட விட்டுடல, ஆள் அனுப்பி விசாரிச்சாரு. புகை கசிஞ்சது நிஜம், தொழிலாளிங்க பாதிக்கப்பட்டதும் நிஜம், அங்க சரி பண்ணியும் இருக்காங்க, ஆனா தலைமைக்கு மட்டும் சொல்லல. அந்தப் பிரிவுத் தலைவர் பல வருஷமா நல்லா லாபம் காட்டின ஆளு. அவரை வேலையை விட்டு அனுப்பிட்டாரு. எனக்கு இதுல பெரிசாப் படறது அந்த ஆளை அனுப்பினது கூட இல்ல, எல்லார் முன்னாடியும் மறுத்துப் பேசின பிறகும் வீம்பு பிடிக்காம போய்ப் பாத்தாரே, அதுதான். உங்க ஹெட்டுக்கு அந்த மனசு வருமான்னு என்னால சொல்ல முடியாது. தனியாப் போகாதீங்க, நாலு பேராப் போங்க, விஷயத்தை எழுத்துல தேதியோட குடுங்க.

கேள்வி: நம்ம பக்கம் இப்படி யாரும் இல்லையா?
(ஒரு வாசகர், மதுரை)

பதில்: உங்க ஊர்லயே இருந்தாருங்களே! டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. முடக்குவாதத்துல விரல்லாம் கோணிப் போய், அந்தக் கையிலயே கண் ஆபரேஷன் பழகினவர். அரசாங்க வேலையில இருந்து 58 வயசுல ஓய்வு வாங்கி, 1976ல 11 படுக்கையோட அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பிச்சாரு. காசு குடுக்கறவங்க குடுக்கறதுல காசில்லாதவங்களுக்கும் வைத்தியம், ரெண்டு பக்கமும் அதே டாக்டர்கள்தான் மாறி மாறிப் பாப்பாங்க. கண்ணுக்குள்ள வெக்கற லென்ஸ் வெளிநாட்டுல இருந்து வந்து விலை எட்டாம இருந்தப்ப, 1992ல ஆரோலேப்னு ஆரம்பிச்சு மதுரையிலயே செஞ்சு விலையை அடிமட்டத்துக்கு இறக்கினாங்க. ஏழைக்கு இது போதும்னு மட்டமான லென்ஸ் வெக்கலங்க, அதுதான் கொள்கை.

கேள்வி: நல்லது பண்ணி நஷ்டமானவங்களைப் பத்தி யாரும் எழுத மாட்டேங்கறீங்களே?
(ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: எழுதறேன். அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல மால்டன் மில்ஸ்னு ஒரு துணி மில், முதலாளி பேரு ஆரோன் ஃபாயர்ஸ்டீன். 1995 டிசம்பர்ல, கிறிஸ்துமஸுக்கு ரெண்டு வாரம் இருக்கறப்ப மில்லு எரிஞ்சு போச்சு. அவருக்கு வயசு 70, இன்சூரன்ஸ் காசை வாங்கிட்டு வீட்ல உக்காந்திருக்கலாம், இல்லைன்னா கூலி கம்மியான ஊருக்கு மில்லைத் தூக்கிட்டுப் போயிருக்கலாம். அங்கயே திரும்பக் கட்டறேன்னு சொல்லி, வேலையில்லாம நின்ன ஆயிரக்கணக்கான பேருக்கு மாசக்கணக்குல சம்பளமும் குடுத்தாரு. கட்டவும் கட்டினாரு. ஆனா கடன் அழுத்தி 2001ல திவால் மனு போட வேண்டியதாச்சு, அப்புறம் மில்லு அவர் கையை விட்டே போச்சு. கட்டடத்தை அவ்ளோ பெரிசாக் கட்டியிருக்க வேண்டாம்னு எனக்குத் தோணும், சம்பளம் குடுத்தது தப்புன்னு ஒரு நாளும் தோணல. வருமானம் வரும்னு உத்தரவாதம் இருந்தாத்தான் செய்வேன்னா அதுக்குப் பேரு கொள்கை இல்லீங்க, முதலீடு.

கேள்வி: வாரம் ஒரு தடவை ஃப்ளோர்ல நடந்து எல்லார்கிட்டயும் பேசுங்கன்னு சொல்றாங்க. நடந்தேன், எல்லாரும் "ஒண்ணும் குறையில்லீங்க"ன்னுதான் சொல்றாங்க. என்ன கேக்கறது?
(ஒரு சிறுதொழில் முதலாளி, கோவை)

பதில்: குறை இருக்கான்னு கேக்காதீங்க, இல்லைன்னுதான் வரும். இன்னிக்கு எந்த வேலை ரெண்டாவது தடவை செய்ய வேண்டியதாச்சுன்னு கேளுங்க, கையில இருக்கற சாமான் எது சரியில்லைன்னு கேளுங்க. சூப்பர்வைசரைக் கூட்டிட்டுப் போகாதீங்க. மூணு வாரம் எதுவும் கிடைக்காது, விடாமப் போங்க. நாலாவது வாரம் ஒருத்தர் என் மெஷினுக்கு மேல ட்யூப்லைட் மினுக்குது, சாயங்காலமானா கண்ணு எரியுதுன்னு சொல்லுவாரு. மத்தவங்க எல்லாம் அதைக் கேட்டுக்கிட்டுத்தான் இருப்பாங்க. மறுநாள் காலையில ஷிப்ட் ஆரம்பிக்கறதுக்குள்ள அந்த ட்யூப்பை மாத்திருங்க.