சக்தி சகதியான கதை

வணக்கம் ஐயா,

பெங்களூரு பீன்யாவில் டர்னராக, அதாவது லேத்தில் கடைசல் வேலை செய்பவனாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டைமாடியில் உட்கார்ந்து ஒரு சின்ன எஞ்சின் செய்தேன். சிலிண்டரே ஊஞ்சல்போல் ஆடும் வகை. கம்ப்ரசர் காற்றில் ஓடுகிறது, ஆனால் சில நேரம் நின்றுவிடுகிறது. அதற்குப் பித்தளையில் அம்மாவின் பெயரைப் புடைப்பெழுத்தாகப் பொறிக்க மூன்று முறை முயன்றேன். உலோகத்தை அரிக்கும் ஃபெரிக் குளோரைடு கரைசல் எழுத்தின் புள்ளிகளைத் தின்றுவிடுகிறது. லேசர் கடையில் கொடுத்துவிடட்டுமா?

— மு., ஹலசூரு

அன்புள்ள மு.,

உங்களுக்குப் புள்ளிதான் போனது. எனக்கு மானமே போனது. முதல் எஞ்சினுக்குச் 'சக்தி' என்று பெயர் வைத்தேன். தகட்டை எடுத்துக் கழுவி, எழுத்து அரிபடாமல் காக்க மேலே ஏற்றிய டோனரை (லேசர் பிரிண்டரின் மைத்தூள்) தேய்த்தெடுத்தால் 'சகதி' என்று பளபளத்தது. வீட்டில் இன்றும் அந்த எஞ்சினுக்கு அதுதான் பெயர்.

கரைசல் கீழ்நோக்கி மட்டும் அரிப்பதில்லை. டோனருக்கு அடியில் பக்கவாட்டிலும் புகுந்துவிடும். 0.2 மி.மீ. ஆழம் அரித்தால் ஓரத்திலும் கிட்டத்தட்ட அவ்வளவு போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.4 மி.மீ. புள்ளிக்கு அப்புறம் நிற்க இடமேது? என் எழுத்துக் கோடுகள் தடிமனாக இருந்ததால் மெலிந்து பிழைத்தன. ஆங்கில 'ஐ'யின் தலைப்புள்ளி உதிர்ந்தாலும் படித்துவிடலாம். நம் புள்ளி உதிர்ந்தால் சொல்லே வேறு.

ஆகவே புடைப்பெழுத்து ஆசையை விடுங்கள். எழுத்து பள்ளமாகட்டும், பின்னணி நிற்கட்டும். அப்போது அதே பக்கவாட்டு அரிப்பு புள்ளியைப் பெரிதாக்கும். கறுப்பு வெள்ளையை மாற்றி, கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி லேசர் பிரிண்டரில் அச்சிட்டு, இஸ்திரிப் பெட்டியால் தகட்டில் ஏற்றுங்கள். பரந்த கறுப்பில் ஊசித்துளைகள் விழும். அவற்றை மார்க்கரால் அடையுங்கள். தகட்டின் முதுகுக்கு நகப்பூச்சு. பிளாஸ்டிக் தொட்டியில் முகம் கீழே பார்க்கத் தொங்கவிட்டால் அரிந்த கசடு தானே கீழே விழும். பிறகு பள்ளத்தில் கறுப்பு எனாமல் நிரப்பி, காய்ந்ததும் நைஸ் உப்புத்தாளால் மேற்பரப்பை மட்டும் தேயுங்கள்.

எஸ்.பி. ரோட்டில் வாங்கும் ஃபெரிக் குளோரைடு தூளைத் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போடுங்கள், தூளின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், கொதித்துத் தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் வேண்டும். தீர்ந்த கரைசலில் தாமிரம் இருக்கிறது, சாக்கடையில் கொட்டக் கூடாது. நுரை அடங்கும்வரை சலவைச் சோடா சேர்த்துக் கசடைத் தனியே எடுத்துவையுங்கள்.

லேசர் கடை தவறொன்றுமில்லை. ஆனால் சிலிண்டரையே கடைந்தவர் பெயரை மட்டும் வெளியே கொடுப்பானேன்?

எஞ்சின் நிற்பதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். சிலிண்டர் உரசும் முகத்தில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு, லேப்பிங் பேஸ்ட் (உரசும் முகங்களை இழைக்கும் பசை) போட்டுத் தேய்க்க வேண்டும். கசிவில்லை என்றால் ஃபிளைவீலின், அதாவது சுழற்சி நிற்காமல் காக்கும் கனச் சக்கரத்தின், எடை போதவில்லை. எந்த இடத்தில் நிற்கிறது என்று சாக்பீஸால் சக்கரத்தில் குறித்து, படம் எடுத்து அனுப்புங்கள்.