கேள்வி பதில்: சோடா இல்லாத சவர்க்காரமா?

கேள்வி: தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம் வீட்டில் செய்து விற்க ஆசை. காஸ்டிக் சோடா இல்லாமல் முடியாதா அக்கா?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: முடியாது தங்கச்சி. எண்ணெய் சவர்க்காரமாவதே அதனால்தான். ஒருகாலம் நம் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையிலேயே செய்த சாமான்தானே! "கெமிக்கலே இல்லை" என்று லேபிளில் போட்டால் அது பொய்.

முதல் தடவை 500 கிராம் எண்ணெய்க்கு 87 கிராம் சோடா போட்டேன். அம்மாவின் கை வறண்டு வெள்ளை பூத்தது. இப்போது 73 கிராம்தான், சவர்க்காரமாகாமல் மிஞ்சும் எண்ணெய் தோலைக் காக்கும். ஆகவே டிஜிட்டல் தராசு முதலில். கையுறை, கண்ணாடி போட்டு, சோடாவைத்தான் தண்ணீருக்குள் போடுங்கள். மாறிச் செய்தால் பொங்கித் தெறிக்கும். அலுமினியச் சட்டி வேண்டாம், அரித்துவிடும். (என்னுடையது கோழிக்குக்கூட உதவாமல் போனது.)

பிறகு 4 முதல் 6 கிழமை நிழலில் காயவேண்டும். வைகாசியில் வரும் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் கடை போடுவதென்றால், சித்திரை பிறந்ததுமே அச்சில் ஊற்றிவிடுங்கள்.