மடிக்கணினியோடு வேலூருக்கு வரலாமா? கேள்வி பதில்

எட்டு ஆண்டுகளாக வேலூரின் சத்துவாச்சாரியில் குடியிருந்துகொண்டு, வெளிநாட்டு நிறுவனங்களுக்கு மென்பொருள் கையேடுகள் எழுதித் தரும் வேலையைச் செய்து வருகிறேன். "டிஜிட்டல் நாடோடி" என்று, மடிக்கணினியில் வேலை செய்தபடி ஊர் ஊராகத் தங்கிப் போகிறவர்களுக்குச் சொல்லும் பெயர் எனக்குப் பொருந்தாது. எட்டு ஆண்டுகள் ஒரே தெருவில் இருப்பவனை யாரும் நாடோடி என்று சொல்ல மாட்டார்கள். ஆயினும் அப்படி வந்து போன பலருக்கு வீடு பார்த்துக் கொடுத்த பழக்கம் உண்டு. என்னிடம் வந்த கேள்விகளுக்கு அந்தப் பழக்கத்தைக் கொண்டு பதில் எழுதுகிறேன்.

வேளச்சேரியிலிருந்து ஓர் இளைஞர்: ஐயா, சென்னையை விட வேலூர் எவ்வளவு மலிவு? சராசரி வாடகையைச் சொன்னால் போதும்.

சராசரி வாடகை இந்த ஊரில் உங்களை ஏமாற்றிவிடும், ஏனென்றால் வாடகையைப் பொறுத்தவரை வேலூர் ஒரே ஊரல்ல, மூன்று ஊர்கள். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ஆம் ஆண்டு ஒற்றைப் படுக்கையோடு தொடங்கி, இன்று சி.எம்.சி.யாக வளர்ந்திருக்கும் மருத்துவமனையைச் சுற்றியுள்ள காந்தி சாலை, பாபு ராவ் தெரு பகுதிகளில் அறைகள் நாள் கணக்கில் விடப்படுகின்றன. வங்காளத்திலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் சிகிச்சைக்கு வரும் குடும்பங்கள்தான் அங்கே விலையைத் தீர்மானிக்கின்றன. 1984-இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய வி.ஐ.டி.யை ஒட்டிய காட்பாடிப் பகுதியில் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவது வழக்கம். மூன்று மாணவர்கள் சேர்ந்து கொடுக்கும் தொகையைத் தனி ஆளிடம் எதிர்பார்ப்பார்கள். மூன்றாவது, உள்ளூர்க் குடும்பங்கள் மாத வாடகைக்கு இருக்கும் ஊர்: சத்துவாச்சாரி, அலமேலுமங்காபுரம், ரங்காபுரம் போன்ற இடங்கள். மலிவு என்று நீங்கள் கேள்விப்பட்டது இந்த மூன்றாவது ஊரைப் பற்றித்தான். ஆனால் இணையத்தில் தேடும் வெளியூர்க்காரர் கண்ணில் முதலில் படுவன மற்ற இரண்டும்தான். நல்ல வீடுகள் பெரும்பாலும் வாசலில் தொங்கும் அட்டையிலும், மளிகைக் கடைக்காரர் வாய்ச் சொல்லிலுமே கிடைக்கின்றன.

குடியாத்தத்திலிருந்து ஒருவர்: பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். கொடுக்கத்தான் வேண்டுமா?

தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத நிலையில், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. அந்த "வேறு விதமாக" என்பதில்தான் வீட்டுக்காரர்கள் நுழைந்துவிடுகிறார்கள். ஆறு மாதம் மட்டும் தங்கப் போகிறவருக்குப் பெரிய முன்பணம் முடங்கிய பணம். வெள்ளையடிக்க, பழுது பார்க்க என்று திரும்பும்போது அது குறையும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோவையிலிருந்து ஒரு சகோதரி: வெயிலைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். செலவில் அது எவ்வளவு கூட்டும்?

பயமுறுத்துவதில் நியாயம் இருக்கிறது. "மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு, சாமியில்லாத கோயில்" என்று இந்த ஊரைக் கேலி செய்யும் பழைய பேச்சு ஒன்று உண்டு. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் 1981-இல் மறுபடியும் கோயிலுக்கு எழுந்தருளிவிட்டதால் கடைசிப் பழி நீங்கியது. முதலிரண்டும் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. பகலெல்லாம் சூடேறிய மொட்டைப் பாறைகள் இரவில் அந்தச் சூட்டை வெளியே விடுவதால், கத்திரி வெயில் காலத்தில் பகலில் 40 டிகிரியைத் தாண்டுவதைக் காட்டிலும், இரவு பத்து மணிக்கும் சுவர் சூடாக இருப்பதுதான் வேலை செய்பவரை வாட்டும்.

கணக்கைப் பாருங்கள். ஒன்றரை டன் ஏ.சி. மணிக்குச் சுமார் 1.25 யூனிட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், நாளைக்கு 8 மணி நேரம் வீதம் 60 நாளில் 600 யூனிட் ஆகிறது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மின் கணக்கெடுப்பு. முதல் 100 யூனிட் இலவசம், ஆனால் 500 யூனிட்டைத் தாண்டினால் குறைந்த யூனிட்டுகளுக்கான சலுகைக் கட்டணம் பறிபோய்விடும். வீட்டுக்காரர் தனி மீட்டர் வைத்து யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று வாங்குபவராக இருந்தால், இலவச யூனிட்டும் உங்களுக்கு இல்லை, ஏ.சி.க்கு மட்டும் 6,000 ரூபாய். ஆகவே வாடகை ஆயிரம் ரூபாய் குறைவு என்பதற்காக மேல்தளத்து வீட்டை எடுக்காதீர்கள். நான் முதல் ஆண்டில் அந்தத் தவற்றைச் செய்து, மே மாதம் முழுவதும் ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தட்டச்சு செய்தேன்.

ஓசூரிலிருந்து ஒரு மென்பொருளாளர்: இணைய வேகம் எப்படி?

வேகத்தில் குறையில்லை, கேட்க வேண்டியது தொடர்ச்சியைப் பற்றி. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குப் போகும் மின்சாரம் பிற்பகலில்தான் திரும்பும். இன்வெர்ட்டர் இருந்தாலும் அதில் ரூட்டர் இணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஃபைபர் ஒரு நிறுவனத்துடையது என்றால் கைப்பேசி இணைப்பு வேறொரு நிறுவனத்துடையதாக இருக்கட்டும். வீடு பார்க்கும்போது படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு ஒரு காணொளி அழைப்பு செய்து பாருங்கள்.

திருவண்ணாமலையிலிருந்து ஒரு பெண்: அமெரிக்க நேரத்துக்கு இரவு வேலை. தனியாக வீடு எடுத்துத் தங்க முடியுமா?

முடியும், ஆனால் கேள்விகளை எதிர்கொள்ள வேண்டியிருக்கும். இரவு இரண்டு மணி வரை விளக்கெரியும் அறையை வீட்டுக்காரர்கள் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள் என்பது வருத்தத்துக்குரிய உண்மை. வேலை நேரத்தை முன்னதாகவே சொல்லிவிடுவதும், நிறுவனக் கடிதம் ஒன்றைக் காட்டுவதும் பின்னால் வரும் மனக்கசப்பைத் தவிர்க்கும். மருத்துவமனையை ஒட்டிய தெருக்களில் இரவிலும் ஆள் நடமாட்டம் உண்டு. சத்துவாச்சாரி உள்தெருக்கள் சீக்கிரமே அடங்கிவிடும். பகல் போக்குவரத்துக்கு, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை.

பெங்களூரிலிருந்து ஒருவர்: மாதம் இரு முறை அலுவலகம் போக வேண்டும்.

வேலூரைத் தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல காரணம் இல்லை. சென்னை–பெங்களூரு பாதையில் உள்ள காட்பாடி சந்திப்பில் வந்தே பாரத்தும் சதாப்தியும் நிற்கின்றன. சென்னை சுமார் இரண்டு மணி நேரம், பெங்களூரு சுமார் மூன்று மணி நேரம். பண்டிகை நாட்களுக்கு மட்டும் முன்னதாகவே பதிவு செய்யுங்கள்.

ஆரணியிலிருந்து ஒருவர்: ஜெர்மானிய நண்பர் ஓராண்டு என்னோடு தங்கி அவருடைய நிறுவன வேலையைப் பார்க்க விரும்புகிறார்.

டிஜிட்டல் நாடோடி விசா என்று தனியாக ஒன்று இந்தியாவில் இல்லை. சுற்றுலா விசா வேலைக்கானதல்ல. ஒரு நிதியாண்டில் 182 நாட்கள் தங்கினாலே வருமான வரிக்கு அவர் இங்கு வசிப்பவராகக் கருதப்படுவார். வீட்டைத் தேடும் முன் வரி ஆலோசகரைப் பாருங்கள்.

ராணிப்பேட்டையிலிருந்து ஒரு மாணவர்: ஊரை எப்போது வந்து பார்ப்பது சரி?

மே இரண்டாம் வாரம். டிசம்பரில் வந்தவர்கள் குளிரில் மயங்கி ஓராண்டுக்கு ஒப்பந்தம் போட்டுவிடுகிறார்கள். பிடித்த வீட்டுக்கு மாலை ஐந்து மணிக்குப் போய் மேற்குச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். பிறகு குழாயைத் திறந்து ஒரு வாய் கொப்பளித்துப் பார்த்து, உப்புக் கரித்தால், காவிரிக் குடிநீர் அந்தத் தெருவுக்கு எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது என்று வீட்டுக்காரரிடம் கேட்காமல் எதிர்வீட்டு அம்மாவிடம் கேளுங்கள்.