ஜீனோம் மட்டும் கையில் இருந்தால், ஒரு தாவரத்தின் மைக்ரோஆர்என்ஏக்களையும் (பிற மரபணுக்களை அடக்கும், சுமார் 21 எழுத்து நீளச் சிறு ஆர்என்ஏக்கள்) அவற்றின் இலக்கு மரபணுக்களையும் கணினியிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

பழைய, பல தாவரங்களுக்கும் பொதுவான குடும்பங்களைக் கண்டுபிடிக்கலாம். அந்தத் தாவரத்துக்கே உரியவை சிக்காது; அவற்றுக்குச் சிறு ஆர்என்ஏ சீக்வென்சிங் வேண்டும்.

மைக்ரோஆர்என்ஏ தரவுத்தளமான மிர்பேஸிலிருந்து தாவரங்களின் முதிர்ந்த (வெட்டப்பட்டு இறுதி வடிவில் உள்ள) வரிசைகளை எடுத்து, யூ எழுத்தை டீ ஆக மாற்றி, ஒத்த வரிசைகளைத் தேடும் பிளாஸ்ட் கருவியால் ஜீனோமில் தேடுங்கள். பிளாஸ்ட்என் கட்டளை இயல்பாக மெகாபிளாஸ்ட் முறையில்தான் ஓடும். அதன் சொல் நீளம், அதாவது தேடலைத் தொடங்க அச்சாகப் பொருந்த வேண்டிய எழுத்துகள், 28. நீங்கள் தேடுவதே 21 எழுத்துதான், பிறகு எப்படிக் கிடைக்கும்? குறு வரிசைக்கான முறைக்கு மாற்றி, சொல் நீளம் 7, ஈ-மதிப்பு (தற்செயல் பொருத்தங்களுக்கான வரம்பு) 1000 என்று வையுங்கள். 2 பொருத்தமின்மைகளுக்கு மேல் உள்ளதை விட்டுவிடலாம். புரதக் குறியீடு, டிஆர்என்ஏ, ஆர்ஆர்என்ஏ பகுதிகளையும் கழித்துவிடுங்கள்.

உண்மையான வேலை இனிமேல்தான். இருபுறமும் சுமார் 200 எழுத்து சேர்த்து வெட்டி, ஆர்என்ஏ எப்படி மடியும் என்று கணிக்கும் ஆர்என்ஏஃபோல்டில் மடக்குங்கள். தாவர மைக்ரோஆர்என்ஏக்களை அடையாளம் காண 2018இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, மடிந்த கொண்டை ஊசி வடிவம் 300 எழுத்துக்குள் அடங்க வேண்டும். முதிர்ந்த இழைக்கும், கொண்டை ஊசியில் அதனுடன் இணையும் துணை இழைக்கும் இடையே பொருந்தாத இடங்கள் அதிகபட்சம் 5. அவற்றில் ஒருபக்கப் புடைப்பில் இருப்பவை 3க்குள். முதிர்ந்த வரிசை கொண்டை ஊசியின் வளைந்த கண்ணிப் பகுதிக்குள் (லூப்) நீண்டால் நிராகரிக்கலாம். மடிப்பின் உறுதியைக் காட்டும் மடிப்பு ஆற்றல் குறியீடு (எம்எஃப்இஐ) 0.85ஐத் தாண்டிவிட்டது என்பதற்காக மட்டும் ஏற்காதீர்கள்: தலைகீழ் மறுவரிசை கொண்ட தாவும் மரபணுக்களும் அழகாகவே மடியும். ஒரே வரிசை நூறு இடங்களில் வந்தால் சந்தேகப்படுங்கள். 24 எழுத்து நீளம் என்றால் பெரும்பாலும் அது எஸ்ஐஆர்என்ஏ என்ற வேறு வகைச் சிறு ஆர்என்ஏதான்.

இலக்குக்கு வருவோம். விலங்குகளுக்கான கருவிகள் இங்கே உதவா. தாவரத்தில் இழை முழுவதும் ஏறக்குறைய பொருந்தும். இலக்கு இடம் பெரும்பாலும் குறியீட்டுப் பகுதிக்குள்ளேயே இருக்கும். தாவர இலக்குகளைக் கணிக்கும் பிஎஸ்ஆர்என்ஏடார்கெட்டில் எதிர்பார்ப்பு மதிப்பை (பொருத்தமின்மைக்கான தண்டப் புள்ளி வரம்பு) 3க்குக் குறைத்து, முழு நீள டிரான்ஸ்கிரிப்டை (மரபணுவிலிருந்து படியெடுக்கப்பட்ட ஆர்என்ஏ வரிசை) கொடுங்கள். மைக்ரோஆர்என்ஏ 399இன் இலக்கான பிஎச்ஓ2 மரபணுவில் பொருந்தும் இடங்கள் குறியீட்டுப் பகுதிக்கு வெளியே, 5' முனைப் பகுதியில் உள்ளன. குறியீட்டுப் பகுதியை மட்டும் கொடுத்தால் அது நழுவிவிடும். நன்கு அறியப்பட்ட இலக்கு மரபணுக் குடும்பங்களான 156க்கு எஸ்பிஎல், 160க்கு ஏஆர்எஃப், 164க்கு என்ஏசி, 172க்கு ஏபி2 வருகின்றனவா என்று முதலில் பாருங்கள். வராவிட்டால் கோளாறு உங்கள் டிரான்ஸ்கிரிப்ட் கோப்பில் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இவ்வளவு செய்தும் கிடைப்பது கணிப்புதான். மைக்ரோஆர்என்ஏவின் 10ஆம், 11ஆம் எழுத்துகளுக்கு எதிரே இலக்கு வெட்டுப்படுவதை டிகிரடோம் தரவில் (வெட்டுண்ட ஆர்என்ஏ துண்டுகளின் சீக்வென்சிங்) கிளீவ்லேண்ட் என்ற மென்பொருள் மூலம் பார்த்தால் நம்பலாம். வெட்டு தெரியவில்லை என்பதற்காக இலக்கு இல்லை என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. 172 போன்றவை புரத உற்பத்தியையும் தடுக்கும், அது டிகிரடோமில் தெரியாது.